தோமா இதை மறக்க மாட்டான்

ஜூன் 9, ஞாயிறு

ஜெகதீசன் காலையிலேயே வந்து அவனுடைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். என் தம்பிக்கு முப்பத்தொன்பது வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இன்னும் கேம் விளையாடுகிறான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஊசியைக் குத்திக்கொண்டு படுத்திருப்பவன் வேறு என்னதான் செய்வான்?

"பாதி விளையாடினேன்க்கா. அதுக்கு மேல முடியல, கண்ணு பூத்துப் போகுது. நீ முடிச்சுட்டு கடைசில என்னாச்சுன்னு சொல்லு."

"எனக்கு இந்த எழவெல்லாம் எங்கடா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். படம் மாதிரி ஓடும். நடுவுல கேள்வி கேக்கும், மூணு பதில் வரும், ஒண்ணை அமுக்கணும். நீ நாளெல்லாம் பனியனைப் பாத்து ஓகே, ரிஜெக்ட்னு சொல்றவதானே?"

அது சரிதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். ஓட்டை, கறை, தையல் விட்டது எதுவானாலும் ஒரு பார்வையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். என்னை யோசித்து நிற்க வைத்த பனியன் கிடையாது.

வேறு எதைப் பற்றியும் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் கிட்னி அவனுக்குப் பொருந்துகிறது என்று போன மாதமே டெஸ்டில் வந்துவிட்டது. வாணிக்கு, அதாவது அவன் பெண்டாட்டிக்கு, சர்க்கரை இருக்கிறது, அவள் கொடுக்க முடியாது. அப்பா அம்மா இல்லை. மிச்சம் நான்தான். கொடுக்கிறீங்களா அண்ணி என்று வாணி போனில் கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அதோடு நிற்கிறது.

நல்ல தண்ணி வந்தது. எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தேன். இடுப்பு விட்டுப்போனது.

ஜூன் 11, செவ்வாய்

வேலையிலிருந்து வந்து, குளித்து, இரண்டு தோசை சுட்டுத் தின்றுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கேமின் பெயர் 'ஏழாம் விளக்கு'. எந்த ஊர்க்காரர்கள் செய்ததோ தெரியாது. கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது, யாரோ ஆர்வத்தில் சும்மாவே எழுதிக் கொடுத்ததாம்.

கடல் நடுவில் ஒரு தீவு. அதில் ஒரு கலங்கரை விளக்கம். இல்சா என்று ஒருத்தி அதைப் பார்த்துக்கொள்கிறாள், கூட அவள் தம்பி தோமா. கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவைத் தின்றுகொண்டு வருகிறது. நான்தான் இல்சா. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு கோடு தேய்ந்துகொண்டே வரும், அது தீர்வதற்குள் பதிலை அமுக்க வேண்டும். அமுக்கிய பிறகு மேலே ஒரு வரி வருகிறது: தோமா இதை மறக்க மாட்டான்.

அவனுக்கு ரொட்டியின் கருகாத பக்கத்தைக் கொடுத்தேன். தோமா இதை மறக்க மாட்டான். கிணற்றுக் கயிறு அறுந்ததற்கு அவனைத் திட்டினேன். தோமா இதை மறக்க மாட்டான். நல்ல பையன்தான், ஆனால் ரொம்பத்தான் ஞாபகசக்தி. குடும்பங்களிலும் இப்படி மேலே ஒரு வரி ஓடினால் எவ்வளவு சௌகரியம்! யார் எதை மனதில் வைத்திருக்கிறார்கள் என்று அன்றன்றைக்கே தெரிந்துவிடும்.

ஜூன் 12, புதன்

ஷிப்மெண்ட். வீட்டுக்கு வந்து சேர்ந்ததுதான் நினைவிருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

வாணி வந்தாள், கையில் ஜாங்கிரி டப்பா. கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஜெகதீசனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

"அண்ணி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில தேதி குடுத்துட்டாங்க. இருபத்தாறாம் தேதி உங்களைத் தனியாக் கூப்புட்டு ரெண்டு வார்த்தை கேப்பாங்களாம், சும்மா ஒரு முறைக்கு. நீங்க பார்க்கலாம்னு சொன்னதுல இருந்துதான் நான் ராத்திரி தூங்கவே செய்யறேன்."

அப்போதுதான் தெரிந்தது. நான் சொன்ன பார்க்கலாமை இவள் சரி என்று எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அப்படி இல்லை வாணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஜாங்கிரியை வாயில் திணித்துவிட்டாள்.

போகும்போது, "உங்களுக்கும் புள்ளையா குட்டியா அண்ணி, எங்க புள்ளைகதான் உங்க புள்ளைக," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதது என் இஷ்டம். ஆனால் அது மற்றவர்களுக்கு இப்படியெல்லாம் பயன்படும் என்று அன்று தெரியாமல் போய்விட்டது.

ஜூன் 15, சனி

பெரியப்பா போனில் கூப்பிட்டு என்னைப் புகழ்ந்தார். "ஒண்டிக்கட்டைக்கு எதுக்குக் கண்ணு ரெண்டு கிட்னி?" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒண்டிக்கட்டைக்குத்தான் இரண்டும் வேண்டும். நாளைக்கு நான் படுத்தால் எனக்கு ஒரு வாய்க் கஞ்சி காய்ச்சி ஊற்ற யார் இருக்கிறார்கள்?

இதைச் சத்தமாக யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவதற்கே கூச்சமாயிருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன், மாவு ஆட்டினேன், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கேமில் உட்கார்ந்தேன். சாயங்காலம் முடித்தும் விட்டேன்.

கடைசி இது. புயல் வருகிறது. கரையிலிருந்து ஒரு படகு வருகிறது, அதில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். இல்சா படகுத்துறையில் நிற்கிறாள், தோமா நிற்கிறான். மூன்று பதில் வந்தது.

நீ ஏறிக்கொள்.
நான் ஏறிக்கொள்கிறேன்.
பார்க்கலாம்.

கோடு தேய்கிறது. எதற்கும் மூன்றாவதை அமுக்கிவைப்போம், கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், வேறு படகு கிடகு வருமா என்று யோசிக்கலாம் என்று நினைத்தேன். அமுக்கினேன்.

இல்சா சிரித்தாள். தோமாவின் தலையைத் தடவினாள். அடுத்த படகில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அவனை ஏற்றிவிட்டாள். கையை ஆட்டி, "பார்க்கலாம், தோமா," என்றாள். அவனும் நம்பிக் கையை ஆட்டினான். படகு போனது. இவள் படியேறி மேலே போய் விளக்கை ஏற்றினாள். அலை வந்தது. விளக்கு அணைந்தது.

மேலே அந்த வரிகூட வரவில்லை.

அது 'யோசிக்கலாம்' என்கிற பார்க்கலாம் இல்லை. 'போய்விட்டு அப்புறம் பார்ப்போம்' என்கிற பார்க்கலாம். விடைபெறும் வார்த்தை. நான் தள்ளிப்போடத்தான் அமுக்கினேன், உயிரைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு பொம்மைப் படத்துக்காக நாற்பத்தாறு வயதில் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஜூன் 17, திங்கள்

இன்று என் கையைத் தாண்டி ஓட்டையுள்ள பனியன்கள் ஒரு கட்டே போய்விட்டன. மானேஜர், "என்னங்க பரமேஸ்வரிம்மா, உங்க டேபிள்ல இருந்தா இப்படி?" என்று கேட்டார். மொத்தத்தையும் மறுபடி பிரித்துப் பார்த்தோம்.

தமிழில் எழுதியவன் மேல் கோபம் கோபமாக வருகிறது. 'போய் வருகிறேன்' என்று போட்டிருக்கக் கூடாதா? 'அடுத்த படகில் வருகிறேன்' என்று போட்டால் என்ன கேடு? ஒரு வார்த்தையில் ஆளைக் கொன்றுவிட்டு, காசு வாங்காமல் செய்தேன் என்று பெருமை வேறு.

ஜூன் 18, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. இருந்தாலும் லீவு போட்டேன். படுத்தே கிடந்தேன்.

ஜூன் 20, வியாழன்

அவன் மேலும் தப்பில்லை என்று தோன்றுகிறது. பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தான். நானும் அதைத்தானே வாணியிடம் சொன்னேன்? அவளுக்கு எது வேண்டுமோ அது அவள் காதில் விழுந்தது. எனக்கு எது சுலபமோ அது என் வாயில் வந்தது. டெஸ்ட் எடுக்கிறாயா என்று கேட்டபோதும் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன்.

ஜெகதீசன் போன் செய்தான். "கேம் முடிச்சியாக்கா?"

"இன்னும் இல்லடா."

பொய். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சுகர் இல்லாத பிஸ்கட் வாங்கிவரச் சொன்னாள் வாணி, கடையில் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

கடைசிப் பாகத்தை மட்டும் திரும்ப விளையாட முடிகிறது. ஜெகதீசன் பாதியில் விட்டுவைத்தது அப்படியே தனியாக இருக்கிறது, அதைத் தொடவில்லை.

படகுத்துறைக்கு வந்தேன். மூன்று பதில். இரண்டாவதின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அமுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கோடு தீர்ந்துபோனது. தீர்ந்தால் இல்சா பேசாமல் நிற்கிறாள், படகு இருவரையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அது அதைவிடக் கொடுமை.

மறுபடி வந்தேன். அமுக்கினேன். நான் ஏறிக்கொள்கிறேன்.

தோமா தன் கம்பளியைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டான். படகு நகர்ந்தது. அவன் விளக்கை நோக்கி நடந்து போனான், திரும்பிப் பார்த்தானா என்பதுகூட மழையில் தெரியவில்லை. படகு கரைக்கு வருவதோடு கதை முடிகிறது. தீவு என்ன ஆனது, அவன் என்ன ஆனான், ஒன்றும் காட்டவில்லை. மேலே மட்டும் வந்தது: தோமா இதை மறக்க மாட்டான்.

அப்புறம் ஒரு திரையில், உங்களைப் போலவே தேர்ந்தெடுத்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் என்று போட்டான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கு நாற்பத்து நான்கு! இத்தனை பேர் படகில் ஏறியிருக்கிறார்கள். அவர்களும் இன்றைக்கு எங்கேயோ துணி துவைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

ஜூன் 26, புதன்

கோயமுத்தூர். வாணியும் ஜெகதீசனும் வெளியே பெஞ்சில். உள்ளே ஒரு டாக்டர், ஒரு ஆலோசகர் அம்மா. என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

"யாராச்சும் உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க."

"ஆபரேஷன் பத்தியெல்லாம் சொல்லியிருப்பாங்க. உங்களுக்கு முழு சம்மதமா?"

"பார்க்கலாங்க," என்றேன். அதுவாக வந்துவிட்டது.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "பார்க்கலாம்னா எப்படிம்மா? சம்மதம்னா சம்மதம், இல்லேன்னா இல்லை. ரெண்டுல எதுவானாலும் தப்பில்லை. நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது."

கீழே கோடு எதுவும் தேயவில்லை. அவர்கள் இருவரும் பொறுமையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லைங்க," என்றேன். "எனக்குப் பயமா இருக்குதுங்க. கத்தி வைக்கறதுக்கு மட்டும் இல்ல. அப்புறம் நான் தனியாத்தானே இருக்கணும்."

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. வெளியே உள்ளவர்களிடம் மருத்துவக் காரணத்தால் இவரிடம் எடுக்க முடியாது என்று மட்டும் நாங்கள் சொல்லிவிடுவோம், காரணத்தை விவரிக்க மாட்டோம், அதுதான் எங்கள் வழக்கம் என்றார் டாக்டர். சரிங்க என்றேன். கதவைத் திறந்து வெளியே வந்தேன். வாணி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜூன் 28, வெள்ளி

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வாணி போனில் அழுதாள். "நம்ம தலையெழுத்து அண்ணி, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டேன். என்னைப் போல ஒரு கல்நெஞ்சக்காரி இருப்பாளா?

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஜெகதீசன் தனியாக வந்தான். பஸ் ஏறி, நடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி என்று அவனுக்கு அளவு. அதனால் ஐஸ் கட்டி ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

லேப்டாப்பை வாங்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான்.

"அக்கா, வியாழக்கிழமை சாயங்காலம் லீவு சொல்லிரு. ஒரு பெரிய டாக்டர்கிட்ட உனக்கு டோக்கன் போட்டிருக்கேன்."

"எனக்கு எதுக்குடா?"

"எதுக்கா? எடுக்க முடியாதுன்னு சொன்னா உன்ற உடம்புல என்னமோ இருக்குதுன்னுதானே அர்த்தம்? என்னன்னும் சொல்ல மாட்டேங்கறானுங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல. என்ற கதைதான் இப்படி ஆயிப்போச்சு, நீயாச்சும் முன்னாடியே பாத்துக்க வேண்டாமா?"

அவன் கை வீங்கியிருந்தது, ஊசி ஏற்றுகிற இடம் புடைத்துக்கொண்டு. அந்தக் கையால் எனக்கு டோக்கன் போட்டிருக்கிறான். இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"என்ற உடம்புல ஒண்ணும் இல்லடா ஜெகா. எல்லாம் சரியாத்தான் இருக்குது. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். எனக்குப் பயம். என்னால முடியாது."

ஐஸ் கட்டி அவன் பல்லில் படும் சத்தம் கேட்டது. திட்டுவான் என்று இருந்தேன். எழுந்து போய்விடுவான் என்று இருந்தேன்.

"அப்போ உனக்கு நோவு ஒண்ணும் இல்லையே?" என்றான்.

"இல்ல."

"அப்பாடா." சீட்டை மடித்துப் பையில் வைத்தான். "எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. உங்கக்கா பார்க்கலாம்னு சொல்லிட்டாங்கன்னு வாணி குதிச்சுக்கிட்டு வந்தா பாரு, அப்பவே தெரியும். உன்ற பார்க்கலாம் எனக்குத் தெரியாதா? சைக்கிள் கேட்டேன், பார்க்கலாம்ன. காலேஜ் டூருக்குக் கேட்டேன், பார்க்கலாம்ன. எதாச்சும் நடந்துச்சா? எங்கக்கா பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம்டின்னு அன்னைக்கே அவகிட்டச் சொல்லியிருக்கணும்."

"ஏன்டா சொல்லல?"

"சொல்ல வாய் வரலக்கா. இந்த ஒரு தடவை சரின்னு அர்த்தமா இருந்துறாதான்னு இருந்துச்சு. எனக்கும் பொழைக்கணும்னு ஆசைதானே?"

நானும் அழுதேன், அவனும் அழுதான். யாரும் யாரையும் தேற்றவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு, போடா, எடுத்துக்கோ என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அது சாயங்காலம் வரைதான் நிற்கும் என்று எனக்கே தெரியும்.

லேப்டாப்பை எடுத்துக்கொள் என்றேன். "முடிச்சுட்டியா?" என்றான். முடித்துவிட்டேன் என்றேன். கடைசியில் என்ன ஆச்சு என்று அவன் கேட்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

வாணிக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாள். மேலே வரி எதுவும் ஓடாமலே எனக்குத் தெரிந்தது.

ஜூலை 4, வியாழன்

பெரியப்பா போன் எடுப்பதில்லை. அது ஒன்றுதான் இதில் லாபம்.

ஜூலை 6, சனி

ஜெகதீசனுக்கு இன்று டயாலிசிஸ். வாணி வழக்கமாகக் கூடப் போவாள். இன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மீட்டிங். அக்கா வருகிறாயா என்று அவனே கேட்டான். பார்க்கலாம் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, வருகிறேன் என்றேன். கம்பெனியில் அரை நாள் சொல்லிக்கொண்டு போனேன்.

எனக்கு அங்கே உட்கார்ந்து பழக்கமில்லை. வரிசையாகக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெஷின், குழாயில் சிவப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தேன். என் தம்பியின் ரத்தம்தானே, பார்க்காமல் எப்படி? அரசாங்கப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது, இறந்தவர்களுடையது கிடைத்தால் கூப்பிடுவார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியாது. இனிமேல் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன் என்று சொன்னேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மடியில் லேப்டாப்பை வைத்து, அவன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். ஒரு கைதான், மற்ற கையில் ஊசி. கேட்கிற இடத்தில் மட்டும் நான் அமுக்கிவிட்டேன். இவன் எதையும் கோடு தீர விடுவதில்லை, டக் டக்கென்று சொல்லிவிடுகிறான். படகுத்துறைக்கு வந்துவிட்டோம். மூன்று பதிலும் வந்தன.

"மூணாவதைத் தொடாத," என்றேன் அவசரமாக. "அதுக்கு அர்த்தமே வேற. அவ செத்துப் போயிருவா."

சிரித்துவிட்டான். கோடு தேய்ந்துகொண்டிருந்தது, இந்தத் தடவை அவன் அதைப் பார்க்கவில்லை.

"நீ எதை அமுக்கின?"

"மொதல்ல அதைத்தான் அமுக்கினேன், தெரியாம. ரெண்டாந்தடவை படகுல ஏறிட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"இல்லடா."

"அந்தத் தம்பி என்ன ஆனான்? செத்துட்டானா?"

"தெரியல. காட்டல. படகு கரைக்கு வந்ததும் கதை முடிஞ்சுருது."

அவன் திரையைப் பார்த்தான். பிறகு லேப்டாப்பை மெதுவாக மூடி என் கையில் கொடுத்தான். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

"அப்போ பார்க்கலாம்," என்றான், கண்ணைத் திறக்காமலே.

எந்தப் பார்க்கலாம் என்று நான் கேட்கவில்லை. மெஷின் பீப் பீப் என்று கத்தியது, நர்ஸைக் கூப்பிடப் போனேன்.